உங்களுக்கு அணுவைப் பற்றி என்ன தெரியும்?

2011-இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு பந்தல் போட்டு உட்கார்ந்த பெண்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும். கை தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், வாய் கேள்வி கேட்கும். உலையை அணைத்தால் உடனே அணைந்துவிடுமா, எரிந்து முடிந்த கழிவை எங்கே வைப்பீர்கள், சுடுதண்ணீரைக் கடலில் விட்டால் மீன் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார்கள்.

அமைச்சர், அதிகாரி, தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டுப் போட்டு உட்கார்ந்தவர், டீக்கடையில் பேப்பர் படித்த நாம் எல்லாரும் சேர்ந்து அவர்களுக்குச் சொன்னது ஒரே பதில்தான்: உங்களுக்கு அணுவைப் பற்றி என்ன தெரியும்?

நியாயமான கேள்வி என்றே நானும் அன்றைக்கு நினைத்தேன். வைத்தியம் பார்க்க டாக்டர் படிப்பு வேண்டும், வழக்காட வக்கீல் படிப்பு வேண்டும். அணு உலையைப் பற்றிப் பேச மட்டும் பீடி சுற்றத் தெரிந்தால் போதுமா? ஆகவே, இந்த நாட்டில் அணுப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்க என்னென்ன தகுதி வேண்டும், அந்தத் தகுதி யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு கணக்குப் பார்த்துவிடலாம் என்று ரொம்ப நாளாக ஆசை. அந்த ஆசையைத் தீர்த்துவைத்தவள் என் அக்கா மகள்.

"மாமா, பிஎச்.டி. பதிவு பண்ணிட்டேன். உலைக்குள்ள எரிபொருள் கம்பியிலேர்ந்து தண்ணிக்குச் சூடு எப்படிப் போகுதுங்கிறதுதான் டாபிக்" என்று போனில் சொன்னாள். கூடவே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள். தூக்கம் வராத ஓர் இரவில் முழுவதையும் படித்தேன். படித்து முடித்த பிறகு சுத்தமாகத் தூக்கம் போய்விட்டது.

முதுகலையில் 55 சதவீத மதிப்பெண். நான்கு ஆண்டு இளநிலைப் படிப்போடு நேராக வந்தால் 75 சதவீதம். நுழைவுத் தேர்வு, நேர்காணல். உள்ளே போன பிறகு குறைந்தது 12 கிரெடிட் பாடம். அதில் ஆராய்ச்சி அறமும் ஒரு பாடம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன் நின்று, இதுவரை என்ன கிழித்தாய் என்று கணக்குச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுக்குள் முடிக்கக் கூடாது, ஆறு ஆண்டைத் தாண்டக் கூடாது. மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு. ஆய்வேட்டை வெளியார் இருவர் திருத்த வேண்டும். பிறகு வைவா, பிறகுதான் பட்டம்.

இவையெல்லாம் எழுதிவைத்த விதிகள். எழுதாத விதிகளையும் நம் பல்கலைக்கழக வளாகங்களில் காலம் தள்ளிய எல்லாரும் அறிவார்கள். கைடு வீட்டுக் கரண்ட் பில்லைக் கட்டுவது, கைடு மகனுக்கு அரசாங்கப் படிவம் நிரப்புவது, நாம் எழுதிய பேப்பரில் கைடு பெயரையும் கைடு சொல்லும் இன்னொருவர் பெயரையும் போடுவது. வைவாவுக்கு வருகிற எக்ஸாமினர் மட்டனா மரக்கறியா என்று ஒரு வாரம் முன்பே விசாரிப்பது. சால்வை, பழத்தட்டு, ஏசி கார், மத்தியானச் சாப்பாடு எல்லாம் ஸ்காலர் செலவு. உதவித்தொகையோ, 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக்கிவிட்டார்கள். தொகை ஏறிவிட்டது, வருவது மட்டும் காவிரித் தண்ணீர் மாதிரி. மேட்டூரில் திறந்துவிட்டதாகச் செய்தி வரும், கடைமடைக்கு எட்டாது. இத்தனையும் தாங்குகிற பிள்ளைகளிடம் போய், இன்னுமா முடிக்கவில்லை என்று கல்யாண வீட்டில் கேட்கிற பெரியவர்களுக்கு மூன்றாவது பந்தியில் இலை போடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது ஆண்டில் ஒரு நாள் அவள் போன் பண்ணி அழுதாள். ஆறு மாதம் சோதனைக் குழாயில் தண்ணீரைச் சுற்றவிட்டு, கம்பியின் வெப்பநிலையை அளந்து, அழகாக ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு குழு முன் போயிருக்கிறாள். குழுவில் ஓய்வு பெறப்போகிற ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பிழை எல்லை எங்கம்மா?" என்று மட்டும் கேட்டாராம். எந்த அளவையும் தனி எண்ணாகச் சொல்லக் கூடாது; கூடக் குறைய எவ்வளவு தப்பியிருக்கலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதைப் போடாமல் விட்டுவிட்டாள். திரும்பப் போய் எல்லாக் கருவியையும் சரிபார்த்து, எல்லாச் சோதனையையும் மறுபடி செய்யச் சொல்லிவிட்டார்கள். நான்கு மாதம் போயிற்று.

நான் அவளுக்கு ஆறுதல் சொல்லவில்லை. அந்தப் பேராசிரியர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். இந்த நாட்டில் ஓர் ஆள், சின்னக் குழாயில் ஓடுகிற தண்ணீரின் சூட்டைப் பற்றிச் சொல்வதற்குக்கூட, நீ எவ்வளவு தப்பாக இருக்கக்கூடும் என்று முதலில் சொல் என்கிறார். இவரை ஏன் 2011-இல் கூடங்குளத்துக்கு அழைத்துப் போகவில்லை?

அழைத்துப் போனது வேறு ஆளை. 2011 நவம்பர் 6 அன்று முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் கூடங்குளம் வந்தார், நிலையத்தைச் சுற்றிப் பார்த்தார், பாதுகாப்பில் தமக்கு முழுத் திருப்தி என்று அறிவித்தார். சில கிலோமீட்டர் தள்ளியிருந்த இடிந்தகரைப் பந்தலுக்குப் போகவில்லை. கலாம் எனக்கும் மதிப்புக்குரியவர்தான். அவர் படித்தது விமானப் பொறியியல், செய்தது ராக்கெட், பெயருக்கு முன்னால் இருந்த டாக்டர் கௌரவப் பட்டம். இவற்றில் எதுவும் குறையில்லை. ஆனால் பீடி சுற்றுகிறவரிடம் அணுப் பொறியியல் படிப்பைக் கேட்ட நாம், அவரிடம் கேட்கவில்லை. ஒரு நாளில் பார்த்துவிட்டு, பிழை எல்லை போடாமல் தீர்ப்புச் சொன்னபோது கைதட்டினோம். நூறு சதவீதம் பாதுகாப்பு, நூறு சதவீதம் பாதுகாப்பு என்று அமைச்சர்களும் அதிகாரிகளும் மாறி மாறிச் சொன்னார்களே, அந்த நூறு என்ற எண்ணை என் அக்கா மகள் தன் ஆய்வேட்டில் ஓரிடத்தில் எழுதியிருந்தால், அந்தக் கிழவர் ஏட்டை ஜன்னல் வழியாக எறிந்திருப்பார்.

இப்போது அந்தப் பெண்களின் கேள்விகளைப் பார்ப்போம். அணைத்தால் அணைந்துவிடுமா? அணையாது. கூடங்குளத்தில் ஓடுகிற ஒவ்வோர் உலையும் சுமார் 3,000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி 1,000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. பிளவை நிறுத்திய கணத்திலும் அந்த வெப்பத்தில் ஆறேழு சதவீதம், ஏறக்குறைய 200 மெகாவாட், எரிபொருளுக்குள்ளேயே பொங்கிக்கொண்டிருக்கும். அது குறையும், ஆனால் நாள்கணக்கில், மாதக்கணக்கில். அதுவரை தண்ணீரைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2011 மார்ச் 11 அன்று புகுஷிமாவில் பூமி அதிர்ந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத்தான் நின்றன. பிறகு கடல் வந்து ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது, தண்ணீரைச் சுற்றவிட மின்சாரம் இல்லை, நின்றுபோன உலைகள் உருகின. அந்தப் பெண்கள் கேட்ட முதல் கேள்வி அணுப் பொறியியலின் முதல் கேள்வி. அதன் மேல்தான் என் அக்கா மகள் இத்தனை ஆண்டாக உட்கார்ந்திருந்தாள்.

சுடுதண்ணீர்? 3,000-த்தில் 1,000 போக மீதி 2,000 மெகாவாட் எங்கே போகும் என்று நினைத்தீர்கள்? கடலுக்குத்தான். எடுத்த தண்ணீரைவிட விடுகிற தண்ணீர் 7 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கக் கூடாது என்று சட்டமே எல்லை போட்டிருக்கிறது. அந்த எல்லையைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார்கள். கரைக்கு எப்போது எந்த மீன் வரும் என்று தண்ணீரில் கை வைத்துச் சொல்லும் மனிதனுக்கு இதைக் கேட்கத் தகுதி இல்லையாம். படித்திருக்க வேண்டுமாம்.

படித்தவர் ஒருவர் அந்தப் பந்தலிலேயே இருந்தார். போராட்டத்தை முன்னின்று நடத்திய சுப. உதயகுமார், ஹவாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். உடனே விதி மாறியது: அது அரசியல் அறிவியல் பட்டம், செல்லாது. விமானப் பொறியியல் செல்லும், ராக்கெட் செல்லும், அணுவைப் பற்றி ஒன்றுமே படிக்காத அமைச்சர் செல்லுவார். அரசியல் அறிவியல் மட்டும் செல்லாது. எந்தப் பட்டம் செல்லும் என்பது பதிலைப் பொறுத்தது போலும்.

அமைச்சர் என்றதும் நினைவு வருகிறது. அன்றைக்குப் பிரதமர் அலுவலக இணையமைச்சராக இருந்த நாராயணசாமி, இன்னும் 15 நாளில் கூடங்குளத்தில் உற்பத்தி தொடங்கிவிடும் என்று எத்தனை முறை சொன்னார் என்பதை எண்ணுவதே தமிழ்நாட்டில் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. அணுப் பொறியியல் அரைவாழ்வுக் காலத்தால் ஆனது. சீசியம் 137 பாதியாகக் குறைய 30 ஆண்டு, புளூட்டோனியம் 239-க்கு 24,000 ஆண்டுக்கும் மேல். நாராயணசாமியின் 15 நாளுக்கு அரைவாழ்வே கிடையாது, குறையாமல் அப்படியே நின்றது. முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலை 13. வணிக உற்பத்தி 2014 டிசம்பர் 31. ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் போட்டது 1988-இல்.

இதுவாவது பரவாயில்லை. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையைக் கட்டத் தொடங்கியது 2004-இல். 2010-இல் முடிக்க வேண்டியது. உலையின் உள்ளகத்தை நிரப்பும் வேலையே 2024 மார்ச்சில்தான், பிரதமர் முன்னிலையில், தொடங்கியது. அது மட்டும் ஒரு பிஎச்.டி. மாணவராக இருந்திருந்தால் ஆறு ஆண்டு, நீட்டிப்பு இரண்டு ஆண்டு எல்லாம் சேர்த்து 2012-இலேயே பதிவை ரத்துசெய்து, விடுதி அறையைக் காலி செய்யச் சொல்லி, நூலகத்தில் நோ டியூஸ் வாங்கி வரச் சொல்லியிருப்பார்கள். உலைக்குக் காலம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. உலையைக் குளிர்விக்கும் உருகிய சோடியத்தோடு விளையாடுவது எளிதில்லை, அவசரப்படாமல் செய்கிறவர்களைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் இருபது ஆண்டு எடுத்துக்கொண்டவர்கள் ஒரு மாணவியிடம், ஏன் லேட் என்று கேட்கும்போது சிரிப்பு வருகிறது.

திருத்துகிறவர் வெளியாராக இருக்க வேண்டும் என்கிற விதியைச் சொன்னேன் அல்லவா? கைடே திருத்திக்கொண்டால் அதற்குப் பெயர் பட்டமா என்று கேட்கும் விதி அது. நம் அணு உலைகளைத் திருத்துகிறவர் யார்? 1983-இல் ஓர் அரசாணையால் பிறந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அன்றைக்கு அது பதில் சொல்ல வேண்டியிருந்தது அணுசக்தி ஆணையத்துக்கு. ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளர். அந்தத் துறையின் கீழேதான் உலையை நடத்தும் இந்திய அணுமின் கழகம். கைடு, எக்ஸாமினர், துணைவேந்தர் எல்லாம் ஒரே வீட்டுச் சாப்பாடு. 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே இதை எடுத்துச் சொல்லி, வாரியத்துக்குத் தன்னாட்சி இல்லை என்று அறிக்கை கொடுத்தார். ஒரு தனியார் கல்லூரியில் இப்படி ஒரு வைவா நடந்திருந்தால் மறுநாள் பேப்பரில் வந்திருக்கும்.

ஆய்வேடு ஏற்கப்பட்டதும் அதை இணையத்தில் 'சோத்கங்கா' களஞ்சியத்தில் போட வேண்டும். திருநெல்வேலியில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் நினைத்தால் என் அக்கா மகளின் ஏட்டை இறக்கி, 143-ஆம் பக்கத்தில் தப்பு என்று சொல்லலாம். அதுதான் அறிவியல். கூடங்குளம் உலைகளின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உதயகுமார் கேட்டார். 2012 ஏப்ரலில் மத்தியத் தகவல் ஆணையம் வெளியிடச் சொன்னது. கழகம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஓடியது. ஒரு குழாயின் சூட்டை அளந்த ஏடு உலகத்துக்கே திறந்திருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் உலையின் பாதுகாப்பு ஏட்டைப் பார்க்க அந்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. பிறகு அவரிடமே கேட்கிறோம், உங்களுக்கு அணுவைப் பற்றி என்ன தெரியும் என்று. தெரிந்துவிடக் கூடாது என்று கோர்ட்டுக்குப் போனவன் கேட்கிற கேள்வியா இது?

வைவாவில் ஒரு விடை சொல்லிவிட்டு மறுநாள் மாற்றிச் சொன்னால் என்ன ஆகும் என்று அக்கா மகளிடம் கேட்டேன். "தொலைஞ்சேன் மாமா" என்றாள். 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு மேல் கணினித் தாக்குதல் நடக்கச் சாத்தியமே இல்லை என்று நிலையம் அறிக்கை விட்டது. 30 அன்று, ஆம், நச்சு நிரல் புகுந்தது உண்மைதான், செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்துவிட்டது, ஆனால் அது நிர்வாகப் பிரிவுக் கணினி மட்டும்தான் என்று கழகம் அறிக்கை விட்டது. யாரும் தொலையவில்லை.

யார் தொலைந்தார்கள் என்றால், கேள்வி கேட்டவர்கள். அவர்களுக்கு மூளை சரியில்லையோ என்று சந்தேகம் வந்தது; 2012-இல் மனநல ஆலோசனை வழங்க நிம்ஹான்ஸ் மருத்துவர்களை ஏற்பாடு செய்தார்கள். அணு உலைக்குப் பயப்படுவது நோயாம். அந்தப் பயத்துக்கு என் அக்கா மகள் துறையில் பாதுகாப்புப் பகுப்பாய்வு என்று பெயர். அதற்குச் சம்பளம் உண்டு. அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களின் பணம் என்று அன்றைய பிரதமரே ஏற்கெனவே சொல்லியிருந்தார். பிறகு 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் கண்ணீர்ப் புகைக் குண்டு. ஜனங்கள் கடலுக்குள் ஓடினார்கள். அன்றே மணப்பாட்டில் போலீஸ் சுட்டதில் ஒரு மீனவர் செத்தார். ஆயிரக்கணக்கான பேர் மேல் தேசத்துரோகம், அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல் என்று வழக்கு. அடிமைப்படுத்திய வெள்ளைக்காரன் எழுதிவைத்த 124ஏ என்ற தேசத்துரோகப் பிரிவு, பீடிக் கட்டுக் கணக்கு எழுதுகிற பெண்களின் பெயருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. எனக்கு அது ஒரு பட்டம் மாதிரிதான் தெரிகிறது. 2013 மே 6 அன்று உலைக்கு அனுமதி கொடுத்த அதே தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொன்னது. அனுமதியை அன்றே எடுத்துக்கொண்டார்கள். வழக்குகள் இழுத்துக்கொண்டே போயின. பாஸ்போர்ட் எடுக்க முடியாமல், வளைகுடா வேலைக்குப் போக முடியாமல் கடற்கரைப் பையன்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள்.

போன மாதம் அக்கா மகளின் வைவாவுக்கு அறிவிப்பு வந்தது. துறை வாசலில் ஒட்டியிருந்தார்கள்: தலைப்பு, நாள், நேரம், இடம், ஆர்வமுள்ளோர் அனைவரும் வரலாம். போனேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு முதலாண்டுப் பையன் எழுந்து ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டான். எக்ஸாமினர் உச்சுக்கொட்டினார். அவள் மட்டும் அவனுக்கு ஐந்து நிமிடம் பதில் சொன்னாள், கடைசியில், இதில் எனக்கு உறுதியில்லை என்றும் சொன்னாள். அதற்காகவே பட்டம் கொடுத்திருக்கலாம், கொடுத்தார்கள். சாப்பாட்டுச் செலவு 14 ஆயிரம்.

கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு 1989-இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. மக்கள் கருத்துக் கேட்புக்கான விதிகள் எல்லாம் பிறகு வந்தவை, ஆகவே கேட்கவில்லை. அது போதும் என்று நீதிமன்றமும் ஏற்றது. எரிந்து முடிந்த எரிபொருளை வைக்கத் தனிக் கிடங்கு கட்ட உச்ச நீதிமன்றம் ஐந்து ஆண்டு கொடுத்தது. கழகம் 2018-இல் போய் நீட்டிப்பு வாங்கியது. கழிவை எங்கே வைப்பீர்கள் என்று பந்தலில் கேட்டார்களே, அந்தக் கேள்விக்கு அவர்கள் ஊர்ப் பக்கமே வந்து பதில் சொல்ல ஒரு நாள் குறித்தார்கள்: 2019 ஜூலை 10, ராதாபுரம், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மறு தேதி சொல்லாமல் ஒத்திவைத்துவிட்டார்கள்.